மாநாடு முடிந்ததும் ஏறும் புள்ளிகள்: அமெரிக்க அதிபர் வேட்பாளருக்கு அவை எவ்வளவு கைகொடுக்கும்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒரு கட்சி தன் அதிபர் வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் மாநாடு முடிந்த அடுத்த வாரமே வேட்பாளரின் ஆதரவு எகிறியதாகச் செய்தி வருகிறது. அந்த ஏற்றம் நவம்பர் வரை நிற்குமா? மாநாட்டால் வேட்பாளருக்கு உண்மையில் என்ன லாபம்?

முதலில் எண்ணைச் சொல்லிவிடலாம். கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில் 1964 முதல் 2012 வரை 13 தேர்தல்கள், 26 மாநாடுகள் பதிவாகியிருக்கின்றன. மாநாட்டுக்குச் சற்று முன் எடுத்த கணிப்பையும் முடிந்தவுடன் எடுத்த கணிப்பையும் ஒப்பிட்டால், வேட்பாளரின் ஆதரவு சராசரியாக 5 சதவீதப் புள்ளி ஏறியிருக்கிறது. அதிகபட்சம் 1992இல் பில் கிளின்டனுக்குக் கிடைத்த 16. அடிமட்டம் 2004இல் ஜான் கெர்ரியும் 2012இல் மிட் ராம்னியும். இருவருக்கும் ஒரு புள்ளி குறைந்தது. 2004 முதல் 2012 வரை நடந்த கடைசி ஆறு மாநாடுகளை மட்டும் எடுத்தால் சராசரி 2 புள்ளிதான்.

அதே பட்டியலை இன்னொரு விதமாகப் பாருங்கள். இரண்டு வேட்பாளர்களில் அதிகமாக ஏறியவர் ஜெயித்தாரா? 2000இல் புஷ், கோர் இருவருக்கும் சமமாக 8 புள்ளி. மீதமுள்ள 12 தேர்தல்களில் அதிகம் ஏறியவர் 7 முறை வென்றார், 5 முறை தோற்றார். 1964இல் கோல்ட்வாட்டர், 1980இல் கார்ட்டர், 1984இல் மோண்டேல், 1988இல் டுகாக்கிஸ், 2008இல் மெக்கெய்ன் ஆகிய ஐவரும் எதிராளியைவிட அதிகம் ஏறி, தேர்தலில் தோற்றவர்கள். ஏற்றத்தின் அளவை வைத்து வெற்றியைக் கணிப்பது காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆகவே "எவ்வளவு ஏறியது" என்று கேட்பதைவிட "ஏறியவர்கள் யார்" என்று கேட்பதே பயன் தரும்.

மாநாட்டில் ஏறும் புள்ளிகளில் பெரும்பகுதி, ஏற்கெனவே அந்தக் கட்சிக்கு வாக்களித்துப் பழகியவர்களுடையது. பிரைமரியில், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், வேறொருவரை ஆதரித்துத் தோற்றவர்கள், வேட்பாளர்மேல் மனக்கசப்பு உள்ளவர்கள், அரசியலைக் கவனிக்காமல் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். நான்கு இரவுகள் தன் கட்சியின் முகங்களையே தொடர்ந்து பார்க்கும்போது இவர்கள் தாய்வீடு திரும்புகிறார்கள். எதிர்க்கட்சியின் உறுதியான வாக்காளர் மாநாட்டைப் பார்த்து மனம் மாறுவது அபூர்வம். அவர் பெரும்பாலும் சேனலையே மாற்றிவிடுவார்.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் யாருக்கு அதிகம் ஏறும் என்பதையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். பொருளாதார நிலை, பதவியில் இருக்கும் அதிபரின் செல்வாக்கு ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் வேட்பாளர் எந்த இடத்தில் இருக்க வேண்டும், கணிப்பில் இப்போது எங்கே இருக்கிறார் என்ற இடைவெளியைப் பாருங்கள். இருக்க வேண்டிய இடத்துக்கு மிகக் கீழே இருப்பவருக்குத் திரும்பி வர ஆட்கள் மிச்சம் இருக்கிறார்கள். ஏற்கெனவே தன் கட்சிக்காரர்களில் பத்தில் ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டவருக்கு மாநாடு தரக்கூடியது சொற்பம். தாமஸ் ஹோல்புரூக் என்ற அரசியல் அறிவியல் ஆய்வாளர் இந்த வாதத்தைக் கணக்காகவே முன்வைத்தார்.

2000இல் துணை அதிபர் ஆல் கோர் இதற்கு நல்ல உதாரணம். பொருளாதாரம் செழித்திருந்தும், அதிபர் கிளின்டனின் பாலியல் விவகாரத்தின் நிழலில், ஆகஸ்ட் நடுவில் கேலப் கணிப்பில் 39–55 என்று 16 புள்ளி பின்தங்கியிருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் மாநாடு முடிந்ததும் 47–46 என்று முன்னிலை. திரும்பி வந்தவர்கள் அவருடைய கட்சிக்காரர்கள் என்பதால் அவர்கள் கலைந்து போகவில்லை. போட்டி கடைசிவரை சமபலத்திலேயே நடந்தது. நாடு முழுவதுமான வாக்கில் கோர் 48.4, புஷ் 47.9. நின்ற ஏற்றம் என்றால் இதுதான்.

நிற்காத ஏற்றத்துக்கு 1988. அட்லாண்டா மாநாடு முடிந்தபோது மைக்கேல் டுகாக்கிஸ் கேலப்பில் 54–37 என்று 17 புள்ளி முன்னால் நின்றார். இதில் மாநாடு தந்தது 7 புள்ளி. அதற்கு முன்பிருந்த முன்னிலையிலும், புதிதாக ஏறியதிலும் ரீகனுக்கு வாக்களித்திருந்த பலர் இருந்தார்கள். ரீகனின் துணை அதிபரான ஜார்ஜ் புஷ் (2000 வேட்பாளர் புஷ்ஷின் தந்தை) தன் மாநாட்டை நடத்தி அவர்களைத் திரும்ப அழைக்கும்வரை அவர்கள் விருந்தாளிகள்தான். புஷ்ஷின் மாநாடு ஆகஸ்ட் மத்தியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்தது. டுகாக்கிஸ் ஆளுநராக இருந்த மாசசூசெட்ஸ் குற்றவாளிகளுக்குச் சிறை விடுப்பு தந்தது, பள்ளிகளில் கொடி உறுதிமொழியைக் கட்டாயமாக்க அவர் மறுத்தது என்று அடுத்தடுத்துத் தாக்குதல். நவம்பரில் புஷ் 40 மாநிலங்களை வென்றார்.

இப்போது 1992ஐப் பார்க்கலாம். "மாநாட்டின் சக்தி" என்று எல்லோரும் காட்டும் உதாரணம் அது. அதையே தவறாகப் படிப்பவர்களும் அதிகம். ஜூன் மாதக் கேலப் கணிப்பில் சுயேச்சை ராஸ் பெரோ 39, அதிபர் புஷ் 31, கிளின்டன் 25. மூன்றாம் இடம். ஜூலை 13 முதல் 16 வரை நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மாநாடு. கிளின்டனைப் பற்றி மக்களுக்குத் தெரிந்ததெல்லாம் சர்ச்சைகள். எனவே மாநாட்டையே அவருடைய வாழ்க்கைக் கதையாகக் கட்டினார்கள். ஹோப் என்ற சிற்றூரில் பிறந்தவர், பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர், 1963இல் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் பதின்வயதுச் சிறுவனாகக் கென்னடியின் கையைக் குலுக்கியவர். அந்தக் கைகுலுக்கல் காட்சி அரங்கின் திரையில் ஓடியது. மறுநாள் ஜூலை 17 அன்றே கிளின்டனும் ஆல் கோரும் மனைவியரோடு பேருந்தில் ஏறி, நியூயார்க்கிலிருந்து செயின்ட் லூயிஸ்வரை சிற்றூர்கள் வழியாகப் போனார்கள். மாநாட்டுச் செய்தி இன்னும் ஒரு வாரம் உயிரோடு இருந்தது.

ஆனால் அந்த 16 புள்ளியை முழுக்க மாநாட்டின் கணக்கில் எழுத முடியாது. வேட்பாளராவதை ஏற்றுக் கிளின்டன் ஏற்புரை நிகழ்த்திய அதே ஜூலை 16 அன்று பெரோ போட்டியிலிருந்து விலகினார். அவருடைய ஆதரவாளர்கள் அப்படியே நடுத்தெருவில் நிற்க, தொலைக்காட்சியைப் போட்டால் கிளின்டன். அக்டோபர் 1 அன்று பெரோ திரும்பி வந்து 19 சதவீத வாக்கு வாங்கினார். கிளின்டன் 43 சதவீதத்தில் வென்றார். மாநாடு அவரை மூன்றாம் இடத்திலிருந்து தூக்கிவிட்டது உண்மை, அந்த முன்னிலையை அவர் பிறகு இழக்கவும் இல்லை. ஆனாலும் 16 என்ற எண்ணை அடுத்த வேட்பாளருக்கு அளவுகோலாக வைத்தால் ஏமாற்றம்தான்.

அளவெடுப்பதில் நடக்கும் பிழைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திகளில் வரும் பாதி "ஏற்றம்" இங்கேயே கரைந்துவிடும். 1000 பேரிடம் எடுத்த கணிப்பில் ஒரு வேட்பாளரின் எண்ணில் கூடக் குறைய 3 புள்ளி பிழை இருக்கலாம். இரண்டு கணிப்புகளை ஒப்பிடும்போது, அந்த மாற்றத்தின் பிழை 4 புள்ளிக்கு மேல் போகும். முன்னிலையில் வரும் மாற்றத்தைக் கணக்கிட்டால் பிழை அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆக, ஒரே நிறுவனத்தின் இரண்டு கணிப்புகளை வைத்து "3 புள்ளி ஏறிவிட்டார்" என்று சொல்வதற்கு அடிப்படையே இல்லை.

அதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. மாநாடு நடக்கும் வாரத்தில் அந்தக் கட்சிக்காரர் உற்சாகத்தில் இருக்கிறார். கணிப்பு நிறுவனத்திலிருந்து போன் வந்தால் எடுத்துப் பேசுகிறார். எதிர்க்கட்சிக்காரர் சலிப்பில் போனை வைத்துவிடுகிறார். யாரும் மனம் மாறவில்லை, பதில் சொல்பவர்களின் கலவை மட்டும் மாறியிருக்கிறது. புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மனும் அவருடைய சகாக்களும் 2012 பிரசாரத்தில் ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட தரவுகளைக் கொண்டு இதைக் காட்டினார்கள்: கணிப்புகளில் தெரிந்த பெரிய ஊசலாட்டத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். நீங்களே சோதிக்கலாம். கணிப்பின் விரிவான அட்டவணையைத் திறந்து, பதில் சொன்னவர்களில் ஜனநாயகக் கட்சிக்காரர் எத்தனை சதவீதம், குடியரசுக் கட்சிக்காரர் எத்தனை சதவீதம் என்று மாநாட்டுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். அந்த விகிதமே 4, 5 புள்ளி நகர்ந்திருந்தால், வேட்பாளரின் "ஏற்றம்" அங்கிருந்து வந்ததுதான். முந்தைய தேர்தலில் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதை வைத்துச் சரிசெய்யும் நிறுவனங்களின் கணிப்பில் ஏற்றம் சிறிதாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

சரியாக அளக்க வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். முதல் மாநாட்டுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் வந்த எல்லாக் கணிப்புகளின் சராசரியை எடுத்து வையுங்கள். ஆட்சியில் இல்லாத கட்சி முதலிலும், அதிபரின் கட்சி பிறகும் மாநாடு நடத்துவது வழக்கம். இரண்டாவது மாநாடும் முடியட்டும். நடுவில் வரும் எண்கள் எதையும் நம்ப வேண்டாம். அவை ஒரு தரப்பு மட்டும் பேசி முடித்த நேரத்து எண்கள். இரண்டாவது மாநாடு முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சராசரி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாநாட்டுக் காலத்தின் நிகர விளைவு. அது பெரும்பாலும் 2, 3 புள்ளிக்குள் இருக்கும், ஆனால் அதற்கு மதிப்பு உண்டு. அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் எரிக்சன், கிறிஸ்டோபர் விளேசியன் இருவரும் பல தேர்தல்களின் கணிப்புகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, மாநாட்டுக்கு முந்தைய நிலவரத்தைவிட மாநாடுகளுக்குப் பிந்தைய நிலவரம் இறுதி முடிவை மிக நன்றாகக் காட்டியது. தனி ஏற்றம் தணிந்துவிடும். ஆனால் மாநாட்டுக் காலம் முடியும்போது போட்டி ஒரு வடிவத்துக்கு வந்துவிடுகிறது.

2008ஐ இந்த முறையில் பார்த்தால் தெளிவாகும். ஒபாமா ஆகஸ்ட் 28 இரவு டென்வர் மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்தில் ஏற்புரை நிகழ்த்தினார். மறுநாள் காலையே ஒஹாயோவில் மெக்கெய்ன் தன் துணை அதிபர் வேட்பாளராகச் சாரா பேலினை அறிவித்தார். அடுத்த நாள் நாளிதழ்களில் ஒபாமாவின் உரை பின்னுக்குப் போனது. நான்கு நாளில் மெக்கெய்னின் மாநாடு. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மெக்கெய்ன் கேலப்பில் முன்னிலை. அந்த வாரத்தில் மட்டும் கணிப்பைப் பார்த்தவர்கள் ஆட்டம் மாறிவிட்டது என்று எழுதினார்கள். உண்மையில் அது பேலினைக் கண்டு மகிழ்ந்த குடியரசுக் கட்சியின் அடித்தளம் வீடு திரும்பியது. ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்த ஏற்றத்தை, செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானது முழுக்கத் துடைத்தது.

மாநாடு கெடுதல் செய்யுமா? செய்யும். கிடைக்கும் லாபத்தைவிட அது பெரியதாகவும் இருக்கலாம். 1968 சிகாகோவில் உள்ளே வியட்நாம் போர் பற்றிக் கைகலப்பு, வெளியே போலீஸ் தடியடி. இரண்டும் மாறி மாறித் திரையில் ஓடின. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹம்ஃப்ரி நவம்பரில் 0.7 புள்ளியில் தோற்றார். இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் தோற்றவருக்கு அந்த ஒரு வாரம் எவ்வளவு விலை பிடித்தது என்று யோசியுங்கள். 1972 மயாமி பீச்சில் துணை அதிபர் வேட்பாளர் தேர்வில் பிரதிநிதிகள் டஜன் கணக்கில் பெயர்களை முன்மொழிந்து நேரத்தைக் கரைத்தார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெக்கவர்ன் ஏற்புரையைத் தொடங்கும்போது கிழக்குக் கடற்கரையில் அதிகாலை மூன்று மணியாகப் போகிறது. பிரசாரத்தின் ஆகச் சிறந்த உரையை நாடு தூங்கும்போது பேசினார். ஏற்றம்: பூஜ்யம்.

1980 ஆகஸ்ட் 14, மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மேடைக் காட்சியைக் கவனியுங்கள். கார்ட்டர் பேசி முடித்துவிட்டார். மேலே கட்டியிருந்த பலூன்கள் விழவில்லை. சிக்கிக்கொண்டன, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தன. பிரைமரியில் தோற்ற எட்வர்ட் கென்னடிக்காக மேடை காத்திருக்கிறது. அவர் தாமதமாக வருகிறார், கைகுலுக்குகிறார், மேடையில் நிற்பவர்களோடு பேசியபடி நகர்கிறார். இருவரும் கைகோத்து உயர்த்தும் அந்த ஒரு படத்துக்காக அதிபர் மேடையில் அவரைத் தொடர்ந்து போகிறார், படம் கிடைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், கேலப்பில் கார்ட்டருக்கு 10 புள்ளி ஏறியது. கென்னடியின் ஆதரவாளர்களில் பலர் திரும்பி வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் கட்சி உள்ளுக்குள் ஆறவில்லை என்பதை அந்த எண் காட்டவில்லை, மேடை காட்டியது. நவம்பரில் கார்ட்டருக்கு 41 சதவீதம்.

எனவே மாநாட்டைப் பார்க்கும்போது, பிரைமரியில் இரண்டாம் இடம் வந்தவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். 2016இல் கிளீவ்லாந்து மேடையில் டெட் குரூஸ் டிரம்பை ஆதரிக்காமல், மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று சொல்லிக் கூச்சலுக்கு நடுவே இறங்கினார். அடுத்த வாரம் பிலடெல்பியாவில், கட்சித் தலைமையின் மின்னஞ்சல்கள் கசிந்ததால் கொதித்துப்போயிருந்த தன் ஆட்கள் முன்னிலையில் பெர்னி சாண்டர்ஸே ஹிலரியின் பெயரை ஒருமனதாக ஏற்கும்படி முன்மொழிந்தார். ஆகஸ்ட் தொடக்கத்துக் கணிப்புகளில் ஹிலரி 7 புள்ளி அளவில் முன்னால் நின்றார். செப்டம்பர் நடுவில் அதில் பெரும்பகுதி கரைந்தது. நாடு முழுவதுமான வாக்கில் 2 புள்ளி அதிகம் வாங்கியும், வெற்றியை முடிவு செய்யும் மாநிலவாரிக் கணக்கில் ஹிலரி தோற்றார். நல்ல மாநாடு, குழப்பமான மாநாட்டிடம் தோற்ற தேர்தல் அது.

புள்ளிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் பலர் கவனிக்காதது, மாநாட்டுத் தேதிக்கும் பணத்துக்கும் உள்ள தொடர்பு. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பொதுத்தேர்தலுக்கென்று திரட்டிய நிதியை, வேட்பாளராக முறைப்படி அறிவிக்கப்பட்ட பிறகே செலவழிக்க முடியும். 2004இல் கெர்ரியும் புஷ்ஷும் அரசு நிதியை ஏற்றார்கள். இருவருக்கும் தலா ஏறத்தாழ 7.5 கோடி டாலர், பொதுத்தேர்தல் செலவை அதற்குள் முடிக்க வேண்டும். கெர்ரி ஜூலை 29 அன்று வேட்பாளரானார், புஷ் செப்டம்பர் 2 அன்று. நவம்பர் 2 வரை கெர்ரிக்கு 96 நாள், புஷ்ஷுக்கு 61 நாள். ஒரு நாளைக்கு கெர்ரிக்கு 7.8 லட்சம் டாலர், புஷ்ஷுக்கு 12.2 லட்சம். இதை முன்பே உணர்ந்து, ஏற்பு அறிவிப்பைத் தள்ளிவைக்கலாமா என்று கெர்ரி தரப்பு மே மாதத்தில் யோசித்துக் கைவிட்டது. ஆகஸ்ட் 5 அன்று அவருடைய வியட்நாம் போர்ச் சேவையைத் தாக்கி விளம்பரங்கள் வந்தபோது, பணத்தை இறுக்கிப் பிடித்திருந்த கெர்ரி தரப்பு உரிய வேகத்தில் பதிலடி கொடுக்கவில்லை.

2012இல் இதே கத்தி மறுபக்கம் வெட்டியது. ராம்னி பிரைமரிப் பணத்தைத் தீர்த்துவிட்டார். பொதுத்தேர்தல் பணம் ஆகஸ்ட் இறுதியில் டாம்பா மாநாடு வரை பூட்டிக் கிடந்தது. ஆகஸ்டில் 2 கோடி டாலர் கடன் வாங்கிச் செலவை ஓட்டினார். எதிரே பிரைமரிப் போட்டியே இல்லாத ஒபாமா, கோடை முழுவதும் ராம்னியின் வணிகப் பின்னணியைத் தாக்கி விளம்பரம் செய்தார். அடுத்த முறை குடியரசுக் கட்சி தன் மாநாட்டை ஜூலைக்கு இழுத்துவந்ததற்கு இந்த அனுபவம் பெரிய காரணம். 2024இல் ஒஹாயோ மாநிலத்தில் வேட்பாளர் பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 7 என்றிருந்த சிக்கலால், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு முன்பே இணையவழியில் வாக்கெடுத்து முடித்தது.

தொண்டர் திரட்டும் வேலையும் இப்படிப் புள்ளிகளில் தெரியாத ஒன்றுதான். 2008இல் டென்வர் மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லி எண்களைச் சேர்த்தார்கள், வாக்காளர்களை அழைத்துப் பேசச் சொன்னார்கள். கணிப்பில் ஏறும் புள்ளி தணிந்துபோகும். சேர்த்த கைபேசி எண் நவம்பர் வரை பயன்படும். ஆனால் மாநாடு நடந்த ஊர் என்பதற்காகவே அந்த மாநிலம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2012இல் சார்லட்டில் நடத்தியும் வட கரோலினாவை ஒபாமா இழந்தார். டாம்பாவில் நடத்திய ராம்னி ஃபுளோரிடாவை இழந்தார். பிலடெல்பியாவில் நடத்திய ஹிலரி பென்சில்வேனியாவை இழந்தார்.

இப்போதெல்லாம் ஏற்றம் ஏன் சிறுத்துவிட்டது? கட்சிப் பிளவு இறுகியதால் திரும்பி வர வேண்டியவர்கள் குறைவு. 1992இல் இரண்டு மாநாடுகளுக்கு நடுவே ஒரு மாதம் இருந்தது. 2008, 2012இல் சில நாள்தான், ஒன்று ஏற்றுவதற்குள் இன்னொன்று இறக்கிவிடுகிறது. பார்ப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். 2008இல் ஒபாமா, மெக்கெய்ன் ஏற்புரைகளைத் தலா ஏறத்தாழ 3.8 கோடிப் பேர் பார்த்தார்கள். 2020இல் பைடன், டிரம்ப் உரைகளுக்கு தலா ஏறத்தாழ 2.4 கோடி. அந்த 2020 மாநாட்டில்தான் கூட்டமில்லாத அரங்கில் நின்ற கமலா ஹாரிஸ், உறவினர்களைச் சொல்லும்போது "சித்திகள்" என்று தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்தினார். உலகெங்கும் தமிழர்கள் நெகிழ்ந்தார்கள். கணிப்பில் அசைவு ஏதும் தெரியவில்லை. பேசப்படுவதும் வாக்கு நகர்வதும் வேறு வேறு.

2024இல் இரண்டு மாநாடுகளுமே பெரிய செய்திகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. டிரம்ப் மீது ஜூலை 13 அன்று துப்பாக்கிச்சூடு, 15 அன்று மில்வாக்கியில் மாநாடு தொடக்கம், 18 அன்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீண்ட ஏற்புரை, 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகல். டிரம்ப் மாநாட்டின் பலனை அளக்க மூன்று நாள்கூடக் கிடைக்கவில்லை. ஹாரிஸுக்குச் சிகாகோ மாநாடு ஆகஸ்ட் 19 முதல் 22 வரை. கலைந்திருந்த கட்சிக்காரர்கள் அவர் வேட்பாளரான முதல் வாரங்களிலேயே திரும்பிவிட்டார்கள். முதல் 24 மணி நேரத்தில் 8.1 கோடி டாலர் குவிந்ததே அதற்கு அடையாளம். மாநாடு வந்தபோது வீடு திரும்ப ஆள் மிச்சமில்லை. மறுநாள் ஆகஸ்ட் 23 அன்று சுயேச்சை வேட்பாளர் ராபர்ட் கென்னடி ஜூனியர் பிரசாரத்தை நிறுத்தி டிரம்பை ஆதரித்தார். சிகாகோவில் ஏற்றம் வராததைப் பலர் தோல்வியின் அறிகுறி என்றார்கள். ஹாரிஸுக்கு வர வேண்டிய ஏற்றம் ஜூலை கடைசியிலேயே வந்து முடிந்திருந்தது.